கசிய வேண்டிய குடுவை

தேதி போடாமல் எழுதுவது எனக்குச் சட்டைப் பொத்தான் போடாமல் தெருவில் நடப்பதுபோல. ஆனாலும் இங்கே தேதிகளைத் தரப் போவதில்லை. பெயர்களும் வேண்டாம் என்று இந்தக் கதைக்கு உரியவர் கேட்டுக்கொண்டார். "தேதி போட்டீங்கன்னா பேரு போட்ட மாதிரிதான் சார். நம்ம ஊர்ல எந்தச் சூளை என்னைக்குத் திறந்ததுன்னு எல்லாருக்கும் தெரியும்" என்றார். நியாயம்தான். ஆகவே கிழமைகளையும் தமிழ் மாதங்களையும் மட்டும் தருகிறேன். அசல் தேதிகள் என் நாட்குறிப்பில் பத்திரமாக இருக்கின்றன. அதை அவ்வளவு சீக்கிரம் யாருக்கும் காட்ட மாட்டேன். காரணம் போகப் போகத் தெரியும்.

நான் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். முப்பது வருடங்களுக்கு மேலாக நாட்குறிப்பு எழுதுகிறேன். மழை பெய்த நாள், பெய்வதாகச் சொல்லிப் பெய்யாத நாள், மணிமுத்தாற்றில் தண்ணீர் வந்த நாள், மின்சாரம் போன நேரம், வந்த நேரம், எல்லாம் அதில் உண்டு. இதை யாராவது என்றாவது கேட்டு வருவார்கள் என்று உள்ளூர எனக்கு ஒரு எதிர்பார்ப்பு இருந்தது. வீட்டில் இருப்பவர்கள் கேட்டதில்லை. "பழைய பேப்பர்காரரு வந்தா அதையும் சேத்து எடுத்துக்குவாரான்னு கேக்கட்டுமா?" என்பதுதான் என் மனைவி அதைப் பற்றி எழுப்பிய ஒரே கேள்வி.

ஒரு புரட்டாசி சனிக்கிழமை, காலை பத்தே கால் மணிக்கு, ஒரு பெண் எங்கள் வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினார். முப்பது வயதுக்கு ஒன்றிரண்டு கூட இருக்கலாம். சென்னையில் கணினிக் கம்பெனியில் இருந்துவிட்டு ஊருக்கே திரும்பி வந்தவர். பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்திருந்தார். திட்டக்குடிப் பக்கம் கோடையில் எத்தனை நாள் தொடர்ச்சியாக மழையில்லாமல் போகிறது என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

"நீங்க மழையை எழுதி வெச்சிருக்கீங்கன்னு லைப்ரரியில சொன்னாங்க. பாக்கலாங்களா சார்?"

என் நாட்குறிப்பைக் கேட்டு வந்த முதல் ஆள் அவர். அந்த நிமிடமே நான் முதலீட்டாளர் ஆகிவிட்டேன். பணத்தை மட்டும் இரண்டு மாதம் கழித்துக் கொடுத்தேன்.

அவர் செய்ய நினைத்தது இதுதான். செம்பு அளவில், மூடியோடு, சுட்ட மண்ணில் ஒரு குடுவை. அதைக் கன்றின் வேரோரம் கழுத்து வரைக்கும் புதைத்துத் தண்ணீர் ஊற்றிவிட வேண்டும். மண் காயக் காயக் குடுவையின் சுவர் வழியாகத் தண்ணீர் கசிந்து வேருக்குப் போகும். நாலைந்து நாளைக்கு ஒரு தடவை நிரப்பினால் போதும். குழாயும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். மண்ணில் எதைக் கலந்து எவ்வளவு சூட்டில் சுட்டால் சுவர் தேவையான அளவு மட்டும் கசியும் என்பதில்தான் அவருடைய இரண்டு வருட உழைப்பு இருந்தது. அரசாங்கக் காகிதங்களில் இதற்குப் புத்தொழில் என்று பெயர். நாங்கள் ஸ்டார்ட்டப்பு என்றோம். என் மனைவி வைத்த பெயர் வேறு.

"ஒரு பொண்ணு பானை செய்யுதாம். அது ஒழுவுதாம். அதுக்கு நீங்க பணம் குடுக்குறீங்களாம். இதை எங்க அண்ணன்கிட்ட நான் எப்படிச் சொல்றது?"

"ஒழுகலம்மா, கசியுது. ரெண்டும் வேற வேற."

"மாடி கட்ட வெச்சிருந்த பணம் ஒழுவுனா என்ன, கசிஞ்சா என்ன?"

நான் நூலகத்துக்குப் போனேன். முதலீடு பற்றி மூன்று புத்தகங்கள் படித்தேன். மூன்றும் ஒரே விஷயத்தை வேறு வேறு அட்டையில் சொல்லின: பணத்தை முன்னால் கொடுக்கலாம், நம்பிக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்க வேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது. கார்த்திகை மாதம் ஒரு புதன்கிழமை இருவரும் கையெழுத்துப் போட்டோம். பாதிப் பணம் அன்றைக்கு. மீதிப் பாதி மாசி பிறந்ததும், "எனக்குத் திருப்தி ஏற்பட்டால்". அந்தத் திருப்தி என்ற சொல்லை நானே சேர்த்தேன். மாதம் பிறந்த ஐந்து நாட்களுக்குள் நடந்ததை நடந்தபடி எனக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்பதையும் நானே சேர்த்தேன்.

அவர் படித்துப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "திருப்தின்னா எப்படி சார் தெரியும்?"

"தெரியும்" என்றேன். புத்தகங்களில் அதற்கு மேல் இல்லை.

மார்கழிக் கடிதமும் தைக் கடிதமும் நேரத்துக்கு வந்தன. சுத்தமான தமிழ், ஒரு பக்கத்துக்கு மிகாத அளவு. அவற்றின் மூலையில் வந்து சேர்ந்த நேரத்தைக் குறித்துக் கோப்பில் வைத்தேன். திட்டக்குடிக்கு அந்தப் பக்கம் ஒரு விவசாயி தன் கொய்யாத் தோட்டத்தில் குடுவைகளைப் போட்டுப் பார்க்கச் சம்மதித்திருந்தார். மழைக்காலத்தில் நட்டால் குடுவையின் அருமை தெரியாது என்று தை மாதத்திலேயே கன்று நட முடிவு செய்திருந்தார்கள். அவருக்குச் சரிப்பட்டால் அவருடைய பங்காளிகள் நாலு பேர் வாங்குவதாகப் பேச்சு. சரிப்படாவிட்டால் அந்தப் பக்கம் ஒருவரும் வாங்கமாட்டார்கள். எல்லாம் அந்த ஒரு தோட்டத்தில் நின்றது.

குடுவைகளைச் சுட்டுக் கொடுத்தவர் தொழிற்பேட்டையில் வாடகைச் சூளை ஒன்றின் மேஸ்திரி. வாழ்நாள் முழுக்க பீங்கான் ஃப்யூஸ் கட்டையும் மின்கம்பத்துக் குமிழும் சுட்டவர். அவர் சுட்ட கட்டையில் ஒரு சொட்டு ஈரம் இறங்கினாலும் கரண்டு பாய்ந்துவிடும், ஆள் போய்விடும். ஆகவே ஈரம் இறங்காமல் சுடுவதே அவருக்குத் தொழில், பெருமை எல்லாமே. அப்படிப்பட்டவரிடம் போய் ஈரம் இறங்கும்படி சுடுங்கள் என்று கேட்டு, அவரைச் சம்மதிக்கவும் வைத்தது அந்தப் பெண்ணின் சாமர்த்தியம். சூட்டை நூறு டிகிரிக்கு மேல் குறைத்து வைக்க வேண்டும். அந்தக் குறைந்த சூட்டில் சுடும்போதெல்லாம் மேஸ்திரி தன் மகளை வசதி குறைந்த இடத்தில் கட்டிக்கொடுப்பவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருப்பார்.

மாசிக் கடிதம் நாலாம் நாள் வந்தது. அதில் வழக்கமான செய்திகளுக்கு நடுவே இரண்டு வரிகள் இருந்தன. "திட்டக்குடிக்கு அனுப்பிய குடுவைகள் சூளையில் சூடு கூடிப்போனதால் கசியவில்லை. எல்லாவற்றையும் தோண்டி எடுத்துவிட்டோம், புதுக் குடுவைகளோடு மறுசூளை வைக்க வேண்டும்."

நான் அந்த இரண்டு வரிகளை எட்டுத் தடவை படித்தேன். சூடு தானாகக் கூடுமா? கூடியது என்றால் யார் கூட்டியது? என் வேலைக் காலத்தில் ஒரு வண்டி இருபது நிமிடம் தாமதமானால், எந்த இடத்தில் எத்தனை நிமிடம், யார் காரணம் என்று எழுதி வாங்காமல் விட்டதில்லை. ஷெட்டுக்குப் போனேன். அவர் கைகளில் மண்ணோடு எழுந்து வந்தார்.

"என்னாச்சும்மா? முழுசா சொல்லுங்க."

சொன்னார். அவர் புதுச்சேரியில் நடந்த தங்கை கல்யாணத்துக்காகப் புதன்கிழமை போயிருக்கிறார். வெள்ளிக்கிழமை சூளை பற்றவைத்திருக்கிறார்கள். வழக்கமாகச் சூளை திறந்ததும் அவரே தண்ணீர் ஊற்றிப் பார்ப்பார். கல்யாண வேலையில் அது நடக்கவில்லை. திங்கட்கிழமை மினி வேனில் சரக்கு நேராகத் தோட்டத்துக்குப் போய்விட்டது. அங்கே புதைத்தும்விட்டார்கள். அடுத்த வாரம் அந்த விவசாயி போன் செய்திருக்கிறார்.

"ஒரே சந்தோஷம் சார் அவருக்கு. 'அம்மா, எட்டு நாளாச்சு, ஊத்துன தண்ணி ஊத்துன மாதிரியே இருக்குதும்மா. ஒரு பொட்டு கொறையல. என்னா மிச்சம்! எங்க பங்காளிங்க எல்லாம் வந்து பாத்துட்டு அசந்து போயிட்டாங்க'ன்னாரு. எனக்குக் கையி காலு ஓடல. அடுத்த பஸ்ஸு புடிச்சிப் போனேன். கன்னுங்க எல்லாம் தலை தொங்கிப் போயி நிக்கிது. அவரு குடுவை மூடியத் தூக்கித் தூக்கித் தண்ணியக் காட்டுறாரு."

கன்றுகளுக்குக் குடத்தால் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றியிருக்கிறார்கள். குடுவைகளைத் தோண்டி எடுத்துவிட்டார்கள். விவசாயிக்கு வருத்தம்தான். மாசி முடிவதற்குள் வேறு குடுவை வராவிட்டால் குழாய் போட்டுக்கொள்வேன் என்று சொல்லிவிட்டார். மறுசூளைக்கு வாடகையை முன்கூட்டிக் கட்ட வேண்டும். மாதத்துக்குள் சூளை காலியாக இருப்பது ஒரே ஒரு வாரம்தான். அதற்குத்தான் என்னுடைய மீதிப் பாதி.

"சூட்டைக் கூட்டுனது யாரு?" என்றேன்.

அவர் ஒரு நொடி கையில் இருந்த மண்ணைப் பார்த்தார். "என் தப்பு சார். நான் இல்லாம சூளை வெச்சிருக்கக் கூடாது."

"நான் அதைக் கேக்கல. கூட்டுனது யாரு?"

"என் தப்புன்னு எழுதிக்குங்க சார்."

மூன்று புத்தகங்களில் இரண்டாவது புத்தகம் இதைப் பற்றி எச்சரித்திருந்தது. பழியைக் கேட்டவுடன் ஏற்றுக்கொள்பவர் அதைவிடப் பெரியது எதையோ மறைக்கிறார் என்று அதில் இருந்தது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டதுபோல இருந்தது. "காரணம் தெரியுற வரைக்கும் எனக்குத் திருப்தி ஏற்படாதும்மா" என்றேன். அந்தச் சொல்லை முதன்முதலாகப் பயன்படுத்தியதில் எனக்கு உள்ளூர ஒரு நிறைவு இருந்ததை மறைப்பதற்கில்லை.

"சூளை வாரம் போயிடும் சார்" என்றார், குரலை உயர்த்தாமல்.

"நடந்ததை நடந்தபடி எழுதணும்னுதானே கையெழுத்துப் போட்டோம்?"

அவர் தலையசைத்தார். பிறகு மண் பிசையப் போய்விட்டார்.

மறுநாளே விசாரணையைத் தொடங்கினேன். மேஸ்திரியைத் தொழிற்பேட்டை வாசல் டீக்கடையில் பிடித்தேன். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். உட்காரச் சொல்ல நான்கு தடவை கெஞ்ச வேண்டியிருந்தது.

"மேஸ்திரி, அன்னைக்குச் சூட்டை யாரு கூட்டச் சொன்னாங்க?"

"சூளைன்னா முன்ன பின்ன இருக்கும் சார்."

"நூறு டிகிரி முன்ன பின்னயா?"

"டீ ஆறுது சார்."

"யாருன்னு மட்டும் சொல்லுங்க. மேடமா?"

"ஐயோ, அவங்க இல்ல சார்."

"பின்ன?"

"ஆடை கட்டிடுச்சி பாருங்க. வேற டீ சொல்லட்டுங்களா?"

யாரோ சொல்லித்தான் செய்திருக்கிறார், அது யார் என்று சொல்ல இருவரும் பயப்படுகிறார்கள் என்பது உறுதியாகிவிட்டது. அந்தப் பெண்ணுக்கு என்னைத் தவிர வேறு ஒரு பணக்காரரும் பின்னால் இருக்கிறாரோ என்று சந்தேகம் வந்தது. மங்கலம்பேட்டையில் வளைகுடாவிலிருந்து திரும்பிய ஒருவர் இந்த மாதிரித் தொழில்களில் பணம் போடுகிறார் என்று எங்கோ கேட்டிருந்தேன். அவருடைய உத்தரவாக இருக்குமோ? அப்படியானால் எனக்குச் சொல்லாமல் இன்னொருவரைச் சேர்த்தது ஒப்பந்தத்தை மீறியதாகும். இரண்டு நாட்கள் இந்த மங்கலம்பேட்டைக்காரரை நான் மனதுக்குள் முழுதாக உருவாக்கினேன். அவருக்குக் கண்ணாடி, வெள்ளைக் கார், அவசரமான பேச்சு எல்லாம் கொடுத்தேன். அவர் மேல் எனக்குக் கடும் கோபம் வந்தது. இன்றைக்கு வரைக்கும் அப்படி ஒரு ஆள் இல்லை.

சூளை வாரத்துக்கு ஆறு நாட்கள் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஒரு பெரிய தாளை எடுத்து நடுவில் கோடு போட்டேன். இடப் பக்கம் நாள், நேரம். வலப் பக்கம் நடந்தது, அதற்குச் சாட்சி. புதன்: அவர் புதுச்சேரிக்குக் கிளம்பினார். வெள்ளி: சூளை பற்றவைத்தது. திங்கள்: சரக்கு வேனில் ஏறியது. வியாழக்கிழமை மட்டும் காலியாக இருந்தது. சூட்டைக் கூட்டும் முடிவு அன்றுதான் நடந்திருக்க வேண்டும். அன்றைக்கு ஷெட்டுக்கு யார் வந்தார்கள் என்று தெரிந்தால் ஆளைப் பிடித்துவிடலாம். ஊரில் அன்று என்ன நடந்தது என்று பார்க்க என் நாட்குறிப்பை எடுத்தேன். எனக்குத் துப்பு எப்போதும் அங்கிருந்துதான் கிடைக்கும்.

கிடைத்தது. அப்படியே தருகிறேன்.

"வியாழன். பனி. மின்சாரம் காலை ஒன்பது முதல் ஒன்பது நாற்பது வரை இல்லை. பதினொன்று இருபதுக்குத் தொழிற்பேட்டை ஷெட்டுக்குச் சென்றேன். அவர் இல்லை, கல்யாணம். மாதிரிக் குடுவையில் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார்கள். வெளிச்சுவரில் முத்து முத்தாக ஈரம், தட்டில் நீர். மிக்க மகிழ்ச்சி. சூளைக்குச் சரக்கு எடுக்க வந்திருந்த மேஸ்திரியிடம் 'என்னங்க, ஒழுகுதே!' என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. டீ நன்றாக இருந்தது."

தாளில் வியாழக்கிழமைக்கு எதிரே 'நான்' என்று எழுதினேன்.

பாராட்டாகத்தான் சொன்னேன். வீட்டில் மூன்று மாதமாக அந்தச் சொல்லையே கேட்டுக் கேட்டு அது நாக்கில் ஒட்டியிருந்தது. கசிவுக்கும் ஒழுகலுக்கும் உள்ள வேறுபாட்டை என் மனைவிக்கு நான் எத்தனை முறை விளக்கியிருப்பேன் என்பதும் நாட்குறிப்பில் இருக்கிறது. ஒழுகுதே என்று, வியப்போடுதான் என்றாலும், பீங்கான் ஊரில், சூளை மேஸ்திரியின் முகத்துக்கு நேரே, முதல் போட்ட ஆள் சொன்னால் அதற்கு என்ன பொருள்? ஃப்யூஸ் கட்டைகளோடு காலம் தள்ளிய அந்த மனிதர் காதில் அது எப்படி விழுந்திருக்கும்? அவர் ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதிய கை, ஏன் என்று யோசிக்காமல் டீயைப் பற்றி எழுதப் போயிருக்கிறது.

மனைவி காபியோடு வந்தார். "என்ன இப்படி உக்காந்திருக்கீங்க? அந்தப் பொண்ணு ஏமாத்திடுச்சா?"

"இல்ல."

"பின்ன யாரு?"

தாளைக் காட்டினேன். அவர் நாட்குறிப்பையும் வாங்கிப் படித்தார். எங்கள் திருமண வாழ்வில் என் நாட்குறிப்பை அவர் படித்தது அதுதான் முதல் தடவை. படித்து முடித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் சிரித்தார். "ஒழுவுதுன்னு நான் சொன்னா மட்டும் குத்தம்" என்றார்.

திங்கட்கிழமை மேஸ்திரியின் வீட்டுக்கே போனேன். நாட்குறிப்பைப் பிரித்து வைத்துப் படித்துக் காட்டினேன். அவருக்குப் பாரம் இறங்கியது முகத்தில் தெரிந்தது.

"நீங்களே கண்டுபுடிச்சிட்டீங்களா சார்? நல்லதாப் போச்சு. நெஞ்சுல கல்லு மாதிரி இருந்துச்சி."

"நான் நல்லாருக்குதுன்னுதாங்க சொன்னேன்."

"ஒழுவுதுன்னுல்ல சொன்னீங்க? சூளைக்காரன்கிட்ட அதுக்கு மேல ஒரு கெட்ட வார்த்தை கெடையாது சார். எங்கப்பன என்னா சொல்லித் திட்டியிருந்தாலும் தாங்கியிருப்பேன். பணம் போட்ட மொதலாளியே வந்து மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாரே, மேடமும் ஊர்ல இல்ல, அவங்க மானம் போவக் கூடாதுன்னு நானா சூட்டைக் கூட்டுனேன். திறந்து பாத்தா சரக்கு சும்மா மணி மாதிரி! தட்டுனா கணீருன்னுது. ஒரு சொட்டு எறங்கல சார்." இந்த இடத்தில் அவர் குரலில் பெருமை எட்டிப் பார்த்தது. உடனே அதை இழுத்துக்கொண்டார். "மேடம் தோட்டத்தைப் பாத்துட்டு வந்ததும் சொல்லிட்டேன். அழுதுட்டேன் சார். அவங்கதான், இது சாரு காதுக்குப் போவ வேணாம்னுட்டாங்க."

அங்கிருந்து ஷெட்டுக்குப் பத்து நிமிட நடை. அந்தப் பத்து நிமிடத்தில் என்னென்னவோ வாசகங்களைத் தயாரித்தேன். உள்ளே போனதும் நாட்குறிப்பை அந்தப் பெண்ணின் மேசையில் விரித்து வைத்தேன். அவர் படித்தார். கடைசி வரியில் உதட்டைக் கடித்துக்கொண்டது தெரிந்தது.

"உங்களுக்கு முன்னமே தெரியும்."

"தெரியும் சார்."

"நடந்ததை நடந்தபடி எழுதணும்னு கேட்டிருந்தேனே. எழுதியிருந்தா ஒரு வாரம் மிச்சமாயிருக்குமே."

"எழுதிப் பாத்தேன் சார். மூணு தடவை எழுதினேன்." மேசை இழுப்பறையைத் திறந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். அதைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார். "பணம் போட்டவங்க கோவப்பட்டா சமாளிச்சிடலாம் சார். வெக்கப்பட்டுட்டா சமாளிக்க முடியாது. 'என்னால வந்ததும்மா, நான் ஒதுங்கிக்கறேன்'னு நீங்க சொல்லிட்டா? நான் யாருகிட்டப் போவேன்? என் தப்புன்னா திட்டுவீங்க, திட்டிட்டுக் குடுப்பீங்கன்னு நெனைச்சேன்."

"நான் குடுக்கலியே."

"ஆமா. அந்த இடத்துலதான் கணக்குத் தப்பாயிடுச்சி."

மூன்று மாதமாக இவரை நம்பலாமா என்று நான் ஒவ்வொரு கடிதமாக எடை போட்டுக்கொண்டிருந்தேன். அவரும் அதே மூன்று மாதம் என்னை எடை போட்டிருக்கிறார். நான் கோபத்தைத் தாங்குவேன், வெட்கத்தைத் தாங்க மாட்டேன் என்று முடிவு கட்டியிருக்கிறார். அது முழுத் தவறும் இல்லை. நடந்து வந்த பத்து நிமிடத்தில் நான் தயாரித்த வாசகங்களில் ஒன்று, ஏறத்தாழ சொல்லுக்குச் சொல், அவர் இப்போது சொல்லிக் காட்டியதுதான். ஒதுங்கிக்கொள்வது கௌரவமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியிருந்தது. என் கௌரவத்துக்கு, அவர் நம்பியிருந்த கொய்யாத் தோட்டத்தைப் பலி கொடுத்திருப்பேன்.

"திருப்தி ஏற்பட்டுடுச்சி" என்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அவர் சிரிக்கவில்லை. "எனக்கு இன்னும் ஏற்படல சார்."

"சொல்லுங்க."

"இனிமே ஷெட்டுக்கு எப்ப வேணா வாங்க. சூளை திறக்கும்போதும் வாங்க. தோட்டத்துக்கும் வாங்க. ஆனா அந்த இடத்துல சரக்கைப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது. நல்லாருக்குதுன்னு கூடச் சொல்லக் கூடாது. என்னா தோணுனாலும் சாயங்காலம் என்கிட்ட சொல்லுங்க."

"எழுதிக் குடுக்கவா?"

"வேணாம் சார். சொன்னாப் போதும்."

மூன்று புத்தகங்களிலும் இப்படி ஒரு விதி இல்லை. மறுநாள் வங்கிக்குப் போனோம். அன்றே அவர் சூளை வாடகையைக் கட்டினார். மறுசூளை பழைய சூட்டில் எரிந்து, இரண்டு நாள் ஆறி, ஒரு செவ்வாய்க்கிழமை காலை திறந்தது. நானும் போயிருந்தேன். மேஸ்திரி ஒரு குடுவையை எடுத்து நிழலில் வைத்துத் தண்ணீர் ஊற்றினார். நாங்கள் மூவரும் அதைச் சுற்றிக் குந்தி உட்கார்ந்தோம். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அடிப்பாகத்தில் சுவரின் நிறம் கொஞ்சம் கறுத்தது. அந்தக் கறுப்பு மெல்ல மெல்ல மேலே ஏறியது. அரை மணி நேரத்தில் சுவர் முழுக்க வியர்த்துவிட்டது.

மேஸ்திரி என்னை நிமிர்ந்து பார்த்தார். "என்னா சார் சொல்றீங்க?"

நான் வாயைத் திறந்தேன்.

"சாரு ஒண்ணும் சொல்ல மாட்டாங்க மேஸ்திரி" என்றார் அவர். "அதுக்குத்தான் பணம் போட்டிருக்காங்க."

மாசி முடிய நாலு நாள் இருக்கும்போது பெண்ணாடம் வழியாகத் திட்டக்குடி பஸ்ஸில் போனோம். சரக்கு முன்னமே போய்ச் சேர்ந்திருந்தது. புதைத்து முடித்து அன்றைக்கு ஆறாம் நாள். கன்றுகள் நிமிர்ந்து நின்றன. சிலவற்றில் செம்பழுப்பாகத் துளிர் விட்டிருந்தது. அந்த விவசாயி தோளில் துண்டோடு வரப்பில் நின்றிருந்தார். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"என்னம்மா இது, இந்தச் சரக்கு தண்ணியா குடிக்குது! முந்தாநேத்துதான் ரொப்பினேன், பாதி காலி."

"அது கன்னு குடிக்குதுண்ணே."

"என்னமோ போ. மொதல்ல குடுத்தியே, அதாம்மா சரக்கு. எட்டு நாளு வெச்சா எட்டு நாளும் அப்படியே இருந்துச்சி. இவுரு யாரு, பணம் போட்டவரா? பாத்தா நாலும் தெரிஞ்சவரா இருக்குறாரு. நீங்க சொல்லுங்க சார், எது நல்ல சரக்கு?"

எனக்குத் தெரிந்த எல்லாமும் தொண்டைக்கு வந்து நின்றது. சுவரின் நுண்துளைகள், சூட்டின் அளவு, திட்டக்குடிப் பக்கத்து மழையில்லா நாட்கள், கசிவுக்கும் ஒழுகலுக்கும் உள்ள வேறுபாடு. பங்காளிகளில் இரண்டு பேர் வேலியோரம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். அந்தப் பெண் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து ஒரு கன்றின் அடிமண்ணைக் கிளறி, ஈரம் தெரியும்படி கையில் எடுத்துக்கொண்டிருந்தார்.

"அவங்களக் கேளுங்க" என்றேன்.

அந்த ஈர மண்ணை அவர் விவசாயியின் உள்ளங்கையில் வைத்தார். பிறகு கால் மணி நேரம் பேசினார். மூடியைத் திறந்து தண்ணீரைக் காட்டினார், துளிரைக் காட்டினார், பழைய குடுவை இருந்தபோது தலை தொங்கிய கன்று எது என்று கேட்டு அதையும் காட்டினார். விவசாயி மண்ணை உருட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டார். பங்காளிகள் வேலியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார்கள். நான் வரப்பில் நின்று எதிர்த் தோட்டத்து முருங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் அவருக்கு இடம் கிடைத்தது. பெண்ணாடம் தாண்டும்வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன்.

"ரெண்டு வார்த்தை பேசிட்டீங்க சார்" என்றார், கண்ணைத் திறக்காமல். "பரவால்ல."